பத்மநாபபுரத்தின் தாழ்ந்த கூரைகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் குடும்பத்துடன் பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சென்றிருந்தோம். மதுரையில் திருமலை நாயக்கர் மஹாலின் தூண்களைப் பார்த்துவிட்டு வந்த எங்களுக்குப் பெருத்த ஏமாற்றம். குனிந்து நுழைய வேண்டிய வாசல்கள், இருண்ட அறைகள், குறுகிய படிகள். போதாக்குறைக்குச் செருப்பை வெளியிலேயே கழற்றச் சொல்கிறார்கள். இது அரண்மனையா, பெரிய வீடா? தமிழ்நாட்டுக்குள் இருக்கும் இதைக் கேரள அரசு ஏன் வைத்திருக்கிறது? குழந்தைகளுக்குக் காட்ட இதில் என்ன இருக்கிறது?

ர.

அன்புள்ள ர.,

நிர்வாகக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது அரண்மனை மட்டும் கேரளத்தின் பொறுப்பில் நீடித்தது. அதன் தொல்லியல் துறை நன்றாகவே பராமரிக்கிறது. எனக்கு அது போதும்.

மர வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்படுவதைப் பற்றியே சில காலமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்கள் ஏமாற்றம் என்னைத் தைத்தது. ஆம், அது வீடுதான். அதன் மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரம், நடுமுற்றத்தைச் சுற்றி எழுந்த நாலுகெட்டு. அதை இன்றைய பெரும் அரண்மனையாக விரித்தவர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா. 1741-இல் குளச்சலில் டச்சுப் படையை முறியடித்தவர். அவருக்குக் கல்லும் கல்தச்சரும் கிடைக்காமலா போயிற்று? சுற்றிலும் கருங்கல் கோட்டை நிற்கிறது, உள்ளேயே நவராத்திரி மண்டபம் முழுக்கக் கல்லால் நிற்கிறது. ஆனால் தாம் வாழ்ந்த இடத்தை மரத்தால் கட்டினார். இரண்டு பருவமழையும் அடிக்கும் மண் அது. செங்குத்தாகச் சரியும் ஓட்டுக்கூரை நீரை நிற்கவிடாது. தாழ்ந்து நீண்ட இறவாரம் சாரலைச் சுவரில் படவிடாது. அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் சாய்ந்த மரச்சட்டங்கள் வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும். நீங்கள் இருட்டு என்று எழுதியது குளிர்ச்சி, ஐயா. வெளியே வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் அங்கே ஐந்து நிமிடம் நின்றிருந்தால் இதை எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.

எங்கள் ஊர் ஆசாரி ஒருவருடன் இளம் வயதில் அங்கே சென்றேன். நுழைவு மண்டபமான பூமுகத்தின் மேற்கூரையில் செதுக்கிய பூக்களில் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை என்று அண்ணாந்தபடியே சொல்லிக்கொண்டு நடந்தவர், தாய்க்கொட்டாரத்தின் ஏகாந்த மண்டபத்துத் தூணருகே வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். அடியிலிருந்து கையெட்டும் உயரம்வரை செதுக்கல்களைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஒத்தப் பிலாத்தடியாக்கும் இது” என்றார், ஒரே பலாமரத்தில் செதுக்கிய தூண் என்று. பிறகு வெகுநேரம் அங்கிருந்து நகரவில்லை. கல்லைக் கட்டிவிட்டு மறந்துவிடலாம். மரம் அப்படி விடாது. கரையானையும் ஒழுகலையும் பார்த்துப் பார்த்து, உளுத்ததை எடுத்துப் புதியதைப் பொருத்த வேண்டும். 1795-இல் தலைநகரம் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போன பின்பும் அது நிற்கிறது என்றால், பெயர் எங்கும் பொறிக்கப்படாத எத்தனை ஆசாரிகளின் கை அதில் இருக்கிறது என்று எண்ணிப்பாருங்கள். தூண்களின் உயரத்தை மட்டும் வைத்து அரண்மனையை அளப்பவர்களுக்கு இந்த உழைப்பு கண்ணில் படுவதேயில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

உப்பரிகை மாளிகையில் கீழே கருவூலம், அதற்கு மேல் அரசரின் படுக்கையறை. சுவரோவியங்கள் நிறைந்த உச்சிநிலையோ பத்மநாபசுவாமிக்கு உரியது. 1750-இல் நாட்டையே அந்தத் தெய்வத்துக்கு அர்ப்பணித்து, அதன் அடியவராக இருந்து ஆண்ட மன்னர் கட்டிய வீடு அது.

செருப்பைக் கழற்றச் சொன்னதற்கு வருந்தாதீர்கள். சுண்ணாம்பும் சிரட்டைக் கரியும் முட்டை வெண்கருவும் பச்சிலைச் சாறும் சேர்த்துச் செய்தது என்று சொல்லப்படும் அந்தக் கருந்தரை முகம் தெரியும் அளவுக்கு மினுங்குகிறது. குழந்தைகளை மறுபடி அழைத்துச் செல்லுங்கள், அந்தத் தரையில் சற்று உட்கார விடுங்கள். நவராத்திரிக்குச் சற்று முன் சென்றால், அரண்மனைக் கோயிலின் தேவாரக்கெட்டு சரஸ்வதி திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் ஊர்வலத்தையும் காட்டலாம். திங்கட்கிழமை விடுமுறை.