கிக்கர் எப்போது வெல்லும், பாட் எப்போது பிரியும்?

கேள்வி: டெக்சாஸ் ஹோல்டம் என்ற போக்கர் சீட்டாட்டத்தில் என் கையில் ஏஸும் எட்டும், எதிராளியிடம் ஏஸும் ஏழும் இருந்தன. மேசையில் இருவருக்கும் பொதுவாக ஏஸ், ராணி, ஜாக், ஒன்பது, நான்கு. என் எட்டு பெரியதாக இருந்தும் பாட், அதாவது பந்தயத்தில் சேர்ந்த மொத்தத் தொகை, ஏன் பாதியாகப் பிரிந்தது?

பதில்: கையிலுள்ள இரண்டையும் மேசையிலுள்ள ஐந்தையும் சேர்த்த ஏழு சீட்டுகளில், மிகச் சிறந்த ஐந்துதான் கணக்கில் வரும். உங்களுடைய ஐந்து இரண்டு ஏஸ், ராணி, ஜாக், ஒன்பது, அவருடையதும் அதுவே. ஒரு ஜோடியுடன் மூன்று துணைச் சீட்டுகள், அதாவது கிக்கர்கள், சேரும். அந்த மூன்று இடங்களையும் மேசைச் சீட்டுகளே நிரப்பிவிட்டதால் உங்கள் எட்டுக்கு இடமில்லாமல் போயிற்று. எட்டுக்குப் பதிலாகப் பத்து இருந்திருந்தால், அது ஒன்பதைத் தள்ளிவிட்டு உள்ளே வந்து, முழுப் பாட்டையும் உங்களுக்கே தந்திருக்கும்.

கேள்வி: எல்லாக் கைகளுக்கும் கிக்கர் உண்டா?

பதில்: இல்லை. ஒரே மதிப்புள்ள மூன்று சீட்டுகளுக்கு இரண்டு கிக்கர்கள். இரண்டு ஜோடிக்கும், ஒரே மதிப்புள்ள நான்கு சீட்டுகளுக்கும் ஒன்று. ஸ்ட்ரெய்ட் (வரிசையாகத் தொடரும் ஐந்து சீட்டுகள்), பிளஷ் (ஒரே இனத்தின் ஐந்து சீட்டுகள்), புல் ஹவுஸ் (ஒரே மதிப்புள்ள மூன்றும் ஒரு ஜோடியும்) ஆகியவற்றில் ஐந்து சீட்டுகளுமே கையின் பகுதி என்பதால் கிக்கர் என்ற பேச்சே எழாது.

கேள்வி: என்னிடம் இரண்டு நான்குகள் சேர்ந்த ஒரு ஜோடி இருந்தது. மேசையில் ஜாக், ஜாக், ஒன்பது, மூன்று வந்தவரை நான்தான் முன்னிலையில் இருந்தேன். கடைசிச் சீட்டாக ஒன்பது வந்ததும், ஜோடியே இல்லாமல் ஏஸும் ராணியும் வைத்திருந்தவர் வென்றார். இது சரிதானா?

பதில்: சரிதான். புதிதாக ஆடுவோரை மிகவும் வருத்துவது இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கடைசிச் சீட்டுக்கு முன்பு ஜாக் ஜோடியும் நான்கு ஜோடியும் உங்கள் கை. அவருக்கோ மேசையிலிருந்த ஜாக் ஜோடி மட்டுமே. இரண்டாவது ஒன்பது விழுந்தவுடன் ஜாக் ஜோடியும் ஒன்பது ஜோடியும் இருவருக்கும் பொதுவாகிவிட்டன. மூன்றாவது ஜோடிக்கு போக்கரில் மதிப்பில்லை. மீதமிருந்த ஒரே இடத்துக்கு உங்கள் நான்கும் அவருடைய ஏஸும் போட்டியிட்டன; ஏஸ் வென்றது. சிறிய ஜோடியை நம்பிப் பெரிய பந்தயம் கட்டுவதற்கு முன், மேசையில் ஏற்கெனவே ஜோடி விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும்படி மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: முழுச் சமநிலையில் இஸ்பேடு வைத்திருப்பவர் வெல்வாரா?

பதில்: மாட்டார். கைகளை ஒப்பிடும்போது நான்கு இனங்களும் சமம்.

கேள்வி: பாட்டைப் பிரிக்கும்போது ஒரு சிப் (பந்தய வில்லை) மிஞ்சினால்?

பதில்: ஹோல்டமில் பொதுவாக, டீலர் பட்டனுக்கு (சீட்டுப் போடுபவரின் இடத்தைக் குறிக்கும் வில்லைக்கு) இடப்புறம் வெற்றியாளர்களில் முதலாவதாக அமர்ந்திருப்பவருக்கு அந்தச் சிப் போகும்.