மக்காச்சோளத்தில் படைப்புழு சேதத்தை எப்படிக் கணக்கிடுவது?

30 நாள் மக்காச்சோளத்தில் இலையெல்லாம் ஓட்டையாக இருக்கிறது, உடனே மருந்து அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரம்பலூர்ப் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் போடுகிறவன் நான். இலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், குருத்தைப் பாருங்கள்.

2018-ல் படைப்புழு புதிதாக வந்தபோது, வரப்பில் நின்று பார்த்துவிட்டே காடு முழுக்க மருந்து அடித்தேன். குருத்துக்குள் புழு கடித்த இடம், இலை விரிய விரியத்தான் பெரிய ஓட்டையாகத் தெரியும். அதற்குள் அந்தப் புழு வளர்ந்து மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகவே போயிருக்கலாம். அந்த வருஷம் நான் அடித்ததில் பாதி இப்படித்தான் வீண்.

இப்போது செய்வது இது. ஓரத்துச் சால்களை விட்டுவிட்டு உள்ளே போய், டபிள்யூ எழுத்துபோல் வளைந்து நடந்து, 5 இடத்தில் நிற்பேன். இடத்துக்கு 20 செடி, வரிசையாக அடுத்தடுத்து. மோசமான செடியாகத் தேடிப் போனால் கணக்கு கெட்டுவிடும். குருத்தை விரித்துப் பார்த்தால், புழு இருக்கிற செடியில் ஈரமான மரத்தூள் மாதிரி எச்சம் கிடக்கும். அதுவும் புதுச் சுரண்டலும்தான் கணக்கு. காய்ந்த எச்சமும் பழைய ஓட்டையும் சேராது. மொத்தம் 100 செடி என்பதால் எண்ணிக்கையே சதவீதம்.

புழுவையும் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். தலையில் தலைகீழ் ஒய் குறியும், வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளியும் இருந்தால் படைப்புழு. நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்தால் அது பெரும்பாலும் தண்டுத்துளைப்பான். அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

முளைத்து ஒரு மாதம் வரை 100-க்கு 5 செடி, அப்புறம் 10, ஆண் பூ வருவதற்குச் சற்று முன் 20. இதைத் தாண்டினால்தான் மருந்து. அதையும் சாயங்காலம், குருத்துக்குள் இறங்கும்படி அடியுங்கள்.

பயிரைப் பார்த்தால் வயிறு எரியும், தெரியும். ஆனால் மக்காச்சோளம் தேறிவரும் பயிர். கிழக்கு ஜிம்பாப்வேயில் விவசாயிகளின் வயல்களில் அளந்தபோது, ஏராளமான செடிகளில் படைப்புழு சேதம் இருந்தும் மகசூல் இழப்பு சுமார் 12 சதவீதம்தான்.

சரி, நாளைக் காலையில் எண்ணிவிட்டு, 100-க்கு எத்தனை, எத்தனை குருத்தில் உயிருள்ள புழு இருந்தது என்று இங்கேயே எழுதுங்கள். அளவுக்குக் கீழே இருந்தால் நாலு நாள் கழித்து மறுபடி எண்ணுங்கள்.