மெட்ராஸில் கண்டுபிடித்த கல்லை மொட்டைமாடியிலிருந்து பார்க்க முடியுமா?

கேள்வி: தாம்பரத்தில் வசிக்கிறேன். 6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி வாங்கி மூன்று மாதம் ஆகிறது. நிலா, வியாழன், சனி எல்லாம் பார்த்தாயிற்று. நுங்கம்பாக்கத்திலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள் என்று மகள் பள்ளியில் கேட்டு வந்திருக்கிறாள். அதை எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்க்க முடியுமா? அதிலுள்ள பள்ளம் மேடு தெரியுமா?

பதில்: பார்க்கலாம். பள்ளம் மேடு மட்டும் தெரியாது. மகளிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் நாளே ஏமாந்துபோவாள்.

மகள் சொன்னது ‘67 ஏசியா’வாகத்தான் இருக்கும். 1861 ஏப்ரல் 17 அன்று வானியலாளர் நார்மன் போக்சன் மெட்ராஸ் வானாய்வகத்திலிருந்து கண்டுபிடித்தது. ஆசியக் கண்டத்திலிருந்து பிடிபட்ட முதல் சிறுகோள் என்பதால் அந்தப் பெயர். அவர் இங்கிருந்து இன்னும் சிலவற்றையும் கண்டுபிடித்தார், ஆனால் தொடங்குவதற்கு இதுதான் நல்லது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் உள்ள பட்டையில், 3.8 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றுகிறது. பூமிமேல் வந்து விழுமோ என்ற பயம் வேண்டாம். சூரியனை மிக நெருங்கும்போதுகூட, பூமி–சூரியன் தூரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தள்ளியே நிற்கும்.

குறுக்களவு சுமார் 60 கி.மீ. சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 20 கோடி கி.மீ. தாண்டி நின்று பார்க்கிறீர்கள். உங்கள் 6 அங்குலக் கருவி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய அளவைப் போல பத்தில் ஒரு பங்குகூட அது வராது. எவ்வளவு பெருக்கிப் பார்த்தாலும் புள்ளிதான்.

அந்தப் புள்ளியாவது தெரிகிறதே, அதற்குக் காரணம் அது கல்லாக இருப்பதுதான். சிறுகோள்களில் பெரும்பாலானவை கரி கலந்தவை, தார்ச்சாலை போலக் கறுப்பானவை. விழும் ஒளியில் 5 சதவீதம் அளவுக்குத்தான் திருப்பி அனுப்பும். ஏசியா எஸ் வகை. அதாவது ஒலிவைன், பைராக்சீன் போன்ற சிலிக்கேட் கனிமங்களோடு கொஞ்சம் இரும்பும் நிக்கலும் கலந்த கல். விழும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் திருப்பி அனுப்புகிறது. யாரும் அங்கே போய்ப் பார்த்ததில்லை. எதிரொளிக்கும் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்துச் சொல்கிறார்கள். வெறும் ஊகம் என்று நினைக்க வேண்டாம். இதோகாவா என்ற வேறொரு எஸ் வகைச் சிறுகோளிலிருந்து ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2010-இல் கொண்டுவந்த தூசியைச் சோதித்தபோது, பூமியில் விழும் சாதாரண விண்கற்களின் சரக்கேதான் அதிலும் இருந்தது.

சரி, மாடிக்கு வருவோம். தாம்பரம் வானத்தில் உங்கள் கருவிக்குப் பொலிவெண் 11 வரை எட்டும். அதற்கு மேல் தட்டுத்தடுமாற வேண்டும். (பொலிவெண் ஒன்று கூடினால் ஒளி இரண்டரை மடங்கு குறையும். இந்தக் கணக்கை 1856-இல் வகுத்துக் கொடுத்தவரும் இதே போக்சன்தான். அவர் கண்டுபிடித்த கல்லை அவர் கொடுத்த அளவுகோலால் அளக்கப் போகிறீர்கள்.) ஏசியா சுமார் 16 மாதத்துக்கு ஒருமுறை எதிர்நிலைக்கு (பூமிக்கு ஒரு பக்கம் சூரியன், நேர் எதிர்ப்பக்கம் ஏசியா) வரும், அப்போது இரவு முழுக்க வானில் இருக்கும். ஆனால் எல்லா எதிர்நிலையும் ஒன்றல்ல. சூரியனுக்குப் பக்கமாக இருக்கும்போது அமைந்தால் பொலிவெண் 10-ஐ ஒட்டி வரும், தள்ளி இருக்கும்போது அமைந்தால் 12-ஐத் தொடும். 10.5-க்குக் கீழே எண் இருந்தால் மாடியே போதும். 11.5 என்று காட்டினால் ஜவ்வாது மலைப் பக்கம் போங்கள், அல்லது அடுத்த எதிர்நிலைவரை பொறுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அமைந்தால் மேகத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

இடம், தேதி, பொலிவெண் மூன்றையும் நாசாவின் ஹொரைசன்ஸ் தளம் இலவசமாகக் கொடுக்கும். வெறும் 67 என்று தட்டாமல், 67-க்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளி (;) போடுங்கள். அப்போதுதான் சிறுகோள் எண் என்று எடுத்துக்கொள்ளும். 67பி என்பது ரொசெட்டா விண்கலம் போய்ப் பார்த்த வால்நட்சத்திரம், அது வேறு. கணினியில் ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபட மென்பொருள் வைத்திருந்தால், அதிலுள்ள சூரியக் குடும்பத் தொகுப்பான் (Solar System Editor) வழியாக ஏசியாவைச் சேர்த்துவிட்டு, அந்த இடத்தின் படத்தைப் பொலிவெண் 12 வரை விண்மீன்களோடு அச்செடுங்கள். உங்கள் கருவியில் படம் தலைகீழாகத் தெரியும் என்பதால் தாளையும் தலைகீழாகப் பிடியுங்கள். 25 மி.மீ. ஐபீஸ் போதும், பக்கத்திலுள்ள பிரகாசமான விண்மீனிலிருந்து ஒவ்வொன்றாகத் தாவிப் போங்கள்.

இடத்தைப் பிடித்த பிறகும், பத்துப் பதினைந்து புள்ளிகளில் எது ஏசியா என்று தெரியாது. இங்கேதான் பென்சில். ஒரு வட்டம் வரைந்து, ஐபீஸில் தெரியும் எல்லாப் புள்ளிகளையும் குறியுங்கள். மறுநாள் அதே இடத்தைப் பாருங்கள். எதிர்நிலை நாட்களில் ஏசியா ஒரு நாளைக்கு முழுநிலா அகலத்தில் பாதி நகரும். மற்றவை அப்படியே இருக்க, ஒன்று மட்டும் இடம் மாறியிருந்தால் அதுதான். பொறுமை இல்லையென்றால் இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட வியாழனின் தட்டளவு தூரம் போயிருக்கும். பக்கத்தில் விண்மீன் ஒன்று இருந்தால் அந்த நகர்வும் கண்ணுக்குப் புலப்படும். புகைப்படத் தகடுகள் வருவதற்கு முன் போக்சன் செய்ததும் இதுதான்: வரைபடத்தில் இல்லாத புள்ளி எது, நகரும் புள்ளி எது என்று கண்ணால் தேடினார்.

பகலில் ஒரு வேலை: நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் பழைய வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. 1792-இல் கட்டியது, தமிழ் உட்படப் பல மொழிகளில் கல்வெட்டு உண்டு. அனுமதி கேட்டு மகளைக் கூட்டிப் போய்க் காட்டலாம்.

கடைசியாக, நான் சறுக்கிய இடம். ஹொரைசன்ஸ் அட்டவணை உலக நேரத்தில் இருக்கும். நம் நேரத்துக்கு 5.30 மணி கூட்ட வேண்டும். 15:00 என்று இருந்தால் நமக்கு இரவு 8.30. முதல் தடவை இதை மறந்து, ஐந்தரை மணி நேரம் தள்ளிய இடத்தில் இருந்த ஓர் அப்பாவி விண்மீனை ஏசியா என்று வட்டமிட்டு, மூன்று இரவு ‘ஏன் நகரவில்லை’ என்று விழித்துக்கொண்டிருந்தேன். வரையும் தாளின் மூலையில் தேதியையும் நேரத்தையும் இரண்டு கணக்கிலும் எழுதிவிட்டுப் பென்சிலை எடுங்கள்.