பி.எச்.பி. நிறுவல்: கொழும்பு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

வெள்ளவத்தை, உயர்தர மாணவி: வீட்டில் விண்டோஸ் கணினி. இணையப் பக்கங்களை உருவாக்கும் மொழியான பி.எச்.பி.யைப் பழக எதை நிறுவலாம்?

ஸாம்ப் போதும். பக்கங்களை உலாவிக்கு அனுப்பும் வழங்கியான அப்பாச்சி, தரவுத்தளமான மரியா டிபி, பி.எச்.பி. மூன்றும் ஒரே பொதியில் வந்துவிடும். ஆனால் அதன் தரவுத்தளத்தில் எல்லா அனுமதியும் உள்ள ரூட் பயனருக்குக் கடவுச்சொல்லே கிடையாது. பழகுவதற்கென்றே அப்படித் திறந்து வைத்திருக்கிறார்கள். இணையத்திலிருந்து எவரும் எட்டக்கூடிய கணினியில் அதை ஓடவிடாதீர்கள்.

கொட்டாஞ்சேனை: ஸாம்பில் அப்பாச்சி தொடங்க மறுக்கிறது. 80ஆம் போர்ட் (அப்பாச்சிக்கான இணைப்பு வாயில்) பயன்பாட்டில் இருக்கிறதாம்.

வேறு மென்பொருள் அதைப் பிடித்திருக்கிறது. விண்டோஸின் சொந்த வழங்கியான ஐ.ஐ.எஸ். ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். நிறுத்த முடியாவிட்டால் அப்பாச்சியை 8080க்கு மாற்றுங்கள்.

தெஹிவளை: ஒரு சிறு பக்கத்தைச் சோதிக்க அப்பாச்சி அவசியமா?

இல்லை. 2012இல் வந்த 5.4 பதிப்பிலிருந்து பி.எச்.பி.க்குள்ளேயே ஒரு சிறு வழங்கி இருக்கிறது. அது சோதனைக்கு மட்டுமே. பொது இணையத்துக்கு வேண்டாம்.

தெமட்டகொடை: அலுவலகக் கணினியில் ஸாம்ப் வைத்து, கண்டிக் கிளையும் பார்க்கும்படி இணையத்தில் திறந்துவிடலாமா?

கூடவே கூடாது. கடவுச்சொல் இல்லாத தரவுத்தளத்தைத் தெருவில் வைப்பதற்கு அது சமம்.

மருதானை: அப்பாச்சிக்குள்ளேயே பி.எச்.பி.யை ஓட்டும் மொட் பி.எச்.பி. வேண்டாமென்று என்ன எச்சரித்தாலும், உபுண்டு (லினக்ஸ்) வழங்கியில் அதுதான் எளிது. எங்கள் தளம் பல வருடங்களாக அதில்தான் ஓடுகிறது. பி.எச்.பி.யைத் தனியாக ஓட்டும் எஃப்.பி.எம். எதற்கு?

எளிதுதான், மறுக்கவில்லை. ஆனால் மொட் பி.எச்.பி. அப்பாச்சியின் ஒவ்வொரு செயல்முறைக்குள்ளும் குடியிருக்கிறது. ஒரு படத்தை அனுப்பும் செயல்முறைகூட அதன் நினைவகச் சுமையைத் தூக்குகிறது. எல்லாத் தளங்களும் ஒரே பயனர் பெயரில் ஓடுவதால், ஒன்றில் புகுந்தவன் அடுத்ததையும் தொடலாம். எஃப்.பி.எம்.மில் தளத்துக்கொரு பயனரை ஒதுக்கலாம். இன்னொன்று: மொட் பி.எச்.பி. வழக்கமாக ப்ரீஃபோர்க் (இணைப்புக்கொரு தனிச் செயல்முறை) முறையில்தான் ஓடும், அப்பாச்சி 2.4.27 முதல் அந்த முறையில் எச்.டி.டி.பி. 2 என்ற புதிய இணைய நெறிமுறை கிடைப்பதில்லை.

மருதானை, மீண்டும்: அப்பாச்சிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வேறு வழங்கியை வைத்தால் எச்.டி.டி.பி. 2 கிடைக்குமே?

கிடைக்கும். எஃப்.பி.எம்.மைத் தவிர்ப்பதற்காக இரண்டு வழங்கிகளைப் பராமரிப்பீர்கள். என்ஜின்எக்ஸ்தான் வந்துவிட்டதே, அதை நேராக எஃப்.பி.எம்.முடன் இணையுங்கள்.

கிருலப்பனை: 80ஆம் போர்ட் பிரச்சினை...

மேலே கொட்டாஞ்சேனை வாசகருக்குச் சொன்னதே.

பம்பலப்பிட்டி: உபுண்டுவில் எஃப்.பி.எம். வைத்திருக்கிறேன். பதிவேற்ற அளவை பி.எச்.பி. ஐ.என்.ஐ. என்ற அமைப்புக் கோப்பில் கூட்டியும் மாறவில்லை.

கட்டளை வரிக்கு ஒரு கோப்பு, எஃப்.பி.எம்.முக்கு இன்னொன்று. நீங்கள் முதலாவதைத் திருத்தியிருப்பீர்கள். பி.எச்.பி. இன்ஃபோ பக்கத்தை உலாவியில் திறந்தால் எந்தக் கோப்பு ஏற்றப்பட்டது என்று தெரியும். அதைத் திருத்தி எஃப்.பி.எம்.மை மறுதொடக்கம் செய்யுங்கள். பிறகு இன்ஃபோ பக்கத்தை உடனே அழித்துவிடுங்கள். வழங்கியின் உள்விவரம் முழுவதும் அதில் இருக்கிறது.

வத்தளை: புதிய வழங்கியில் தமிழ்ப் பெயர்கள் நடுவில் வெட்டுப்பட்டுக் கேள்விக்குறிகளாகின்றன.

யூ.டி.எஃப். 8 எழுத்துக் குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டுகள். பி.எச்.பி.யில் எழுத்துத் தொடர்களை வெட்டும், எண்ணும் சாதாரணச் சரச் செயல்கூறுகள் பைட்டைத்தான் எண்ணும். உபுண்டுவில் எம்.பி. ஸ்ட்ரிங் நீட்சியைத் தனியாக நிறுவி, அதன் செயல்கூறுகளைப் பயன்படுத்துங்கள்.