பிக்கை (கம்பியை மீட்டும் சிறு தகட்டை) வைத்துவிட்டுக் கட்டைவிரலால் வாசித்துப் பாருங்கள்

வணக்கம். 26 வயதில் ஜாஸ் கிட்டார் தொடங்குவது தாமதமா, வேலை முடிந்து இரவில்தான் நேரம் கிடைக்கிறது, பக்கத்து வீட்டில் சத்தம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அமெரிக்க ஜாஸ் கிட்டார் கலைஞர் வெஸ் மாண்ட்கோமெரிக்கும் இதே பாடுதான்.

1923இல் இண்டியானாபொலிஸில் பிறந்தவர். ஆறு கம்பி கிட்டாரில் தீவிரமாக இறங்கியதே இருபது வயதை ஒட்டித்தான். நொட்டேஷன் (எழுதிய இசைக்குறிப்பு) படிக்கத் தெரியாது; ஜாஸ் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுப் பழகினார். பகலில் தொழிற்சாலை, இரவில் கிளப். அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவாகக் கூடாதென்று கட்டைவிரலால் வாசிக்கத் தொடங்கியவர். அந்த மெத்தென்ற நாதம்தான் பிறகு அவர் அடையாளமே ஆனது, எனக்கு இன்றும் அலுக்காத நாதம். 1959இல் சாக்ஸஃபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி அவர் வாசிப்பைக் கேட்டு அசந்துபோய் ரிவர்சைட் இசைத்தட்டு நிறுவனத்திடம் சொன்னபோது வெஸ்ஸுக்கு 36 வயது. 1968இல், 45 வயதில், மாரடைப்பில் போய்விட்டார்.

சரி, இன்று இரவே கட்டைவிரலின் சதைப்பகுதியால், கீழ்நோக்கி மட்டும் மீட்டுங்கள். அப்புறம் அவரைப் போல ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயிகளில் சேர்த்து வாசியுங்கள். அந்த இரண்டு கம்பிகளுக்கு நடுவிலுள்ள கம்பியை இடக்கை விரலால் லேசாகத் தொட்டால் அது ஒலிக்காது. முதலில் மெதுவாக, ஒரே ஒரு பாட்டின் மெட்டு போதும்.