எலின்னு முதல்லயே சொல்லிடுங்க

கேள்வி: நான் இயற்பியல்ல ஆராய்ச்சி பண்றேன். ஊருக்குப் போனா "என்னம்மா படிக்கிற"ன்னு கேக்குறாங்க, சொல்ல ஆரம்பிச்சா ரெண்டு நிமிஷத்துல எந்திரிச்சுப் போயிடுறாங்க. மக்களுக்குப் புரியிற மாதிரி எப்படித்தான் பேசுறது? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: மதுரைன்னு சொன்னதால உங்க பக்கத்துக் கதையே எடுத்துக்கறேன். தேனி மாவட்டத்துல போடி பக்கம் பொட்டிபுரத்துல, நியூட்ரினோங்குற கண்ணுக்குத் தெரியாத நுண்துகளை ஆராய ஒரு ஆய்வகம் கட்ட நெனச்ச விவகாரம் ஞாபகம் இருக்கும். மலையைக் குடைஞ்சு கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் சுரங்கம், உள்ள 50 ஆயிரம் டன் எடையில இரும்புக் கருவி. விஞ்ஞானிங்க சொன்னது என்னன்னா நியூட்ரினோ யாரையும் ஒண்ணும் பண்ணாது, சூரியன்லருந்து வர்றது மட்டுமே உங்க கட்டைவிரல் நகம் அளவு இடத்துல நொடிக்கு சுமார் 6,500 கோடி பூந்து போய்ட்டுதான் இருக்குன்னு. அத்தனையும் உண்மை. ஆனா ஊர்க்காரங்க கேட்டது வேற, பாறைக்கு வெடி வெச்சா பக்கத்து அணைங்களுக்கு ஏதும் ஆகுமா, தண்ணி எங்கருந்து எடுப்பீங்க, ஆடு மாடு எங்க மேயும். அதாவது அவங்க பயந்தது சுரங்கத்தைப் பாத்து, நாம சமாதானம் சொன்னது துகளைப் பத்தி. 2017ல பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்துச்சு, 2022ல தமிழக அரசே வேணாம்னு உச்ச நீதிமன்றத்துல சொல்லிடுச்சு. நல்லாப் பேசியிருந்தா எல்லாம் நடந்திருக்கும்னு சொல்ல வரல, அரசியலும் இருந்துச்சு, காட்டைப் பத்தின கவலையும் நியாயமானதுதான். எனக்கு இன்னொரு ஆதங்கமும் உண்டு. 1965லயே கோலார் தங்கச் சுரங்கத்துல பூமிக்கு ரெண்டு கிலோமீட்டருக்கும் கீழ, காத்து மண்டலத்துல உருவாகி வர்ற நியூட்ரினோவைப் பதிவு பண்ணாங்க, அந்தச் சுரங்கத்துல வேலை பாத்ததுல தமிழங்க எத்தனை ஆயிரம் பேர்! அந்தக் கதையில ஆரம்பிச்சிருந்தா ஊர்ல நாலு பேராவது உக்காந்து கேட்டிருப்பாங்க.

எங்க ஊர்ல ஒரு தடவ மண் பரிசோதனை பத்திப் பேச ஒருத்தர் வந்தாரு. ஸ்லைடு மேல ஸ்லைடு, உங்க மண்ணோட பிஹெச் 8.8னு முடிச்சாரு, அதாவது மண்ணுல காரத்தன்மை ஜாஸ்தி, அதைக் குறைக்க ஜிப்சம் போடுறது வழக்கம். பின்னாடி இருந்த பெரியவர் எந்திரிச்சு "அப்ப ஜிப்சம் போடணுமா வேணாமா"ன்னாரு. "அது பல காரணிகளைப் பொறுத்தது"ன்னு பதில். பெரியவர் துண்டை உதறித் தோள்ல போட்டுட்டுக் கெளம்பிட்டாரு. "போடலாம், ஆனா எவ்வளவுன்னு இன்னொரு டெஸ்ட் பாத்துட்டுச் சொல்றேன்"னு சொல்லியிருந்தா அதுல என்ன அறிவியல் கெட்டுடப் போகுது?

அதனால நீங்க மொதல்ல பேசாதீங்க, கேளுங்க. அத்தை "இதால என்ன பிரயோஜனம்"னு கேட்டா "இப்போதைக்கு ஒண்ணும் இல்லத்த, ஆனா தெரிஞ்சுக்கணும்னு ஆசை"ன்னே சொல்லுங்க, நம்புவாங்க.

கேள்வி: பேப்பர்ல பேட்டி குடுத்தா நாம சொன்னதையே மாத்திப் போட்டுடுறாங்களே? (ஒரு ஆராய்ச்சி மாணவர், கோவை)

பதில்: எல்லாத் தப்பும் நிருபர் மேல இல்லீங்க, அந்தத் தொழில்ல கொஞ்ச நாள் இருந்தவன்ங்கறதால சொல்றேன். அவருக்கு சாயங்காலத்துக்குள்ள மேட்டர் குடுக்கணும், நீங்க முக்கால் மணி நேரம் பேசிட்டு முக்கியமானதைக் கடைசியில, எந்திரிக்கும்போது சொல்றீங்க. சொல்ல வேண்டியதை ஒரே வரியில எழுதிக் கையில குடுத்துடுங்க. ஆய்வு எலியில பண்ணதுன்னா அந்த வரியிலயே எலின்னு இருக்கட்டும், இல்லன்னா மறுநாள் உங்க சித்தப்பாவே போன் பண்ணி "எனக்கு அந்த மருந்து எங்க கெடைக்கும்"னு கேப்பாரு.