மூன்று பேர் பிடித்து ரத்தம் எடுத்தார்கள்... இப்போது லேப் இருக்கும் தெருவுக்கே வர மறுக்கிறாள்!

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. பிறவியிலேயே தைராய்டு குறைபாடு. தினமும் மாத்திரை சாப்பிடுகிறாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பார்க்க ரத்தம் எடுக்க வேண்டும். சென்ற முறை ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொல்லித்தான் கூட்டிப்போனோம். இரண்டு இடத்தில் குத்தியும் ரத்தம் வரவில்லை. என்னோடு சேர்த்து மூன்று பேர் அழுத்திப் பிடித்து, மூன்றாவது குத்தில்தான் எடுத்தார்கள். அதிலிருந்து அந்தத் தெருவுக்குள் வண்டி திரும்பினாலே அழுகிறாள். இரவில் எழுந்து ‘நாளைக்கு ஊசியா?’ என்று கேட்கிறாள். இன்னும் 10 நாளில் அடுத்த டெஸ்ட். என்ன செய்வது டாக்டர்?

– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: ‘மூன்று பேர் அழுத்திப் பிடித்து’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் நானும் குழந்தைகளை அப்படிப் பிடித்திருக்கிறேன். சீக்கிரம் முடிந்தால் பிள்ளைக்குத்தானே நல்லது என்று நினைத்தோம். அதே பிள்ளைகள் அடுத்த முறை வாசலிலேயே அம்மாவின் சேலையைப் பற்றிக்கொண்டு உள்ளே வர மறுத்தபோதுதான் செய்த தவறு புரிந்தது. குத்திய வலி அன்று மாலைக்குள் அடங்கிவிடும். கை காலை அசைக்கவிடாமல் பெரியவர்கள் அமுக்கியது மறக்காது. உங்கள் மகளுக்கு அதோடு ஐஸ்கிரீம் என்று சொல்லி லேபுக்குக் கூட்டிப்போனதும் சேர்ந்துகொண்டது. எந்தப் பயணம் எங்கே போய் முடியும் என்று அவளுக்கு இப்போது நிச்சயமில்லை. இரவில் எழுந்து கேட்பது அதனால்தான்.

அதனால் முதல் வேலை, அவளிடம் உண்மையைச் சொல்வது. இன்றைக்கே சொல்லுங்கள்: “போன தடவை ஐஸ்கிரீம்னு சொல்லி உன்னை லேபுக்குக் கூட்டிட்டுப் போனது தப்பு. இனிமே ரத்தம் எடுக்கிற நாள்னா முன்னாடியே சொல்லிடுவேன். சொல்லலைன்னா அன்னைக்கு ரத்தம் எடுக்க மாட்டாங்க.” இரவில் எழுந்து கேட்டாலும் இதே பதிலைச் சொல்லுங்கள். ஓரிரு நாள் கேட்டுக்கொண்டே இருப்பாள். பதில் மாறாமல் இருந்தால் கேட்பது குறையும். டெஸ்ட் நாளை எப்போது சொல்வது என்பது வயதைப் பொறுத்தது. நான்கு வயதுப் பிள்ளைக்கு அன்று காலையில் சொன்னால் போதும். உங்கள் மகள் வயதில் ஒரு நாள் அல்லது இரண்டு நாள் முன்பு சொல்லலாம். தேதியைக் கேட்டால் மட்டும் மறைக்காதீர்கள்.

என்ன சொல்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். “வலிக்கவே வலிக்காது” என்று சொல்லக் கூடாது. வலிக்கும். அது அவளுக்கும் தெரியும். தடுப்பூசி வலியைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட அறிக்கையே, பொய்யான ஆறுதல் வார்த்தைகளைத் தவிர்க்கும்படி மருத்துவப் பணியாளர்களுக்குச் சொல்கிறது. நம் வீடுகளில் வழக்கமாகச் சொல்லும் “எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்” என்பதையும் யோசித்துச் சொல்லுங்கள். கட்டெறும்பிடம் கடி வாங்கிய பிள்ளைக்கு அது ஆறுதலே கிடையாது. நடக்கப்போவதை வரிசையாக, அவள் உடம்பு உணரப்போவது போலவே சொன்னால் போதும்: “லேப் அக்கா முழங்கைக்கு மேல ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டுவாங்க. பஞ்சால துடைப்பாங்க, சில்லுன்னு இருக்கும், ஸ்பிரிட் வாசனை வரும். அப்புறம் ஒரு குத்து. சுருக்குன்னு வலிக்கும். டியூப் நிறையிற வரைக்கும் நாம எண்ணலாம். பத்தைத் தாண்டினாலும் தாண்டும். அப்புறம் பஞ்சு வச்சு அழுத்திப் பிடிச்சுக்கலாம்.”

குழந்தைகள் மனதில் நாம் நினைத்தே பார்க்காத பயங்கள் இருக்கும். ரத்தம் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்து அழுத பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்டுப் பாருங்கள். 20 கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் ஓடுகிறது. தைராய்டு டெஸ்டுக்கு எடுப்பது 2, 3 மில்லி. அரை டீஸ்பூனுக்குச் சற்று முன்னே பின்னே. தண்ணீர் பாட்டிலையும் டீஸ்பூனையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், கணக்கு சட்டென்று புரிந்துவிடும். இன்னொன்று, லேபில் “நரம்பு கிடைக்கல, நரம்பு சின்னதா இருக்கு” என்று தலைக்கு மேலே பேசிக்கொள்வார்கள். அவர்கள் தேடுவது ரத்தக்குழாயை. பேச்சு வழக்கில் அதை நரம்பு என்கிறோம். ஏதோ நரம்பு அறுந்துவிடும் என்று பிள்ளை பயந்திருக்கலாம். ரத்தம், குழாய்க்குள் ஓடும் தண்ணீர் மாதிரி என்று விளக்கிவிடுங்கள்.

வீட்டில் யாராவது “சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்” என்று பூச்சாண்டி காட்டுகிறார்களா? இன்றோடு அதை நிறுத்தச் சொல்லுங்கள், தாத்தா பாட்டி உட்பட. ஊசியைத் தண்டனையாகப் பழக்கிவிட்டால், ‘உன் நல்லதுக்குத்தான்’ என்று பிறகு என்ன சொன்னாலும் எடுபடாது.

அடுத்தது லேப். நாளையே போன் செய்து, குழந்தைகளுக்கு எடுத்துப் பழகியவர் எந்த நேரத்தில் இருப்பார், பட்டர்ஃப்ளை ஊசி உண்டா என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் சிறகு போலப் பிளாஸ்டிக்கும் மெல்லிய குழாயும் உள்ள ஊசி அது. சின்னக் கைக்கு அதில் எடுப்பது சுலபம். காலை 7 முதல் 9 வரை சர்க்கரை டெஸ்டுக்கு வெறும் வயிற்றோடு வருபவர்களின் கூட்டம் நெரியும். அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். தைராய்டு டெஸ்டுக்கு வெறும் வயிறு தேவையில்லை. பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் பயமும் அதிகம். அன்றைய மாத்திரையை ரத்தம் எடுப்பதற்கு முன் கொடுப்பதா, பின் கொடுப்பதா என்று மட்டும் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஃப்ரீ டி4 என்ற தைராய்டு ஹார்மோனையும் பார்ப்பதாக இருந்தால் பொதுவாக மாத்திரைக்கு முன்பே எடுப்பார்கள். நன்றாகத் தண்ணீர் குடிக்க வைத்து, கைகளை வெதுவெதுப்பாக வைத்திருந்தால் ரத்தக்குழாய் எடுப்பாகத் தெரியும். சென்ற முறை இரண்டு குத்து வீணானதற்கு அழுது புரண்டதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

டாக்டரிடம் கேட்க இன்னொன்றும் உண்டு: தோலை மரத்துப்போகச் செய்யும் கிரீம். லிக்னோகெய்ன், பிரிலோகெய்ன் என்ற இரண்டு மருந்துகள் கலந்தது. முழங்கை மடிப்பில் தடிமனாக வைத்து, மேலே பிளாஸ்டிக் ஒட்டுப்பட்டையால் மூடி, ஒரு மணி நேரம் விட வேண்டும். அவசரப்பட்டு 20 நிமிடத்தில் துடைத்தால் பலன் இராது. இரண்டு கைகளிலும் வைப்பது நல்லது. ஒரு கையில் கிடைக்காவிட்டால் மறு கை தயாராக இருக்கும். அளவு, குழந்தையின் எடைக்கும் வயதுக்கும் ஏற்றது. சில ரத்தக் குறைபாடுகள் உள்ளவர்களுக்கு ஆகாது. எனவே மருந்துக்கடையில் நீங்களாக வாங்காதீர்கள். ஒரு நாள் முன்பே வீட்டில் வைத்துப் பார்க்கலாமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். மரத்த இடத்தில் பென்சில் முனையால் அவளே தொட்டுப் பார்த்தால் நம்பிக்கை வரும். ரப்பர் பட்டையின் இறுக்கத்தை கிரீம் குறைக்காது, அதையும் சொல்லிவிடுங்கள்.

இடைப்பட்ட நாட்களில் விளையாட்டு. பொம்மைக்கு அவள் ரத்தம் எடுக்கட்டும், பிறகு உங்களுக்கு. ஊசி இல்லாத சிரிஞ்ச், ரிப்பன், பஞ்சு போதும். நீங்கள் நோயாளியாக இருக்கும்போது “பயமா இருக்கு, கையைப் பிடிச்சுக்கோ” என்று சொல்லுங்கள். அவள் உங்களுக்கு என்ன ஆறுதல் சொல்கிறாளோ, அதுதான் அவள் எதிர்பார்க்கும் ஆறுதல். அதன் பிறகு ஒரு நாள் லேப் தெரு வழியாகச் சும்மா போய்வாருங்கள், கிளம்பும்போதே “இன்னைக்கு ரத்தம் எடுக்கலை” என்று சொல்லிவிட்டு. அழுதால் தெருமுனையில் நின்று, அழுகை தணிந்த பிறகு திரும்புங்கள். இன்னொரு நாள் உள்ளே போய், அந்த அக்காவிடம் பேசிவிட்டு வந்துவிடுங்கள். பயத்தைப் படிப்படியாகப் பழக்கும் இந்த முறையைத்தான் மனநல மருத்துவர்களும் கையாள்கிறார்கள். அவள் தயாராகாத படிக்கு இழுக்காதீர்கள்.

இப்போது, உட்காரும் விதம். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். படுக்க வைத்து அமுக்க வேண்டாம். படுக்க வைத்ததுமே பிள்ளைக்குத் திமிறத்தான் தோன்றும். கைப்பிடி இல்லாத நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்துகொண்டு, அவளை உங்களைப் பார்த்தபடி மடியில் உட்கார வையுங்கள், இடுப்பின் இரு பக்கமும் கால் போட்டபடி. ஒரு கை உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ளட்டும். மற்ற கை உங்கள் அக்குளுக்குக் கீழே வெளியே நீண்டு, தலையணை வைத்த மேசையில் இருக்கட்டும். லேப் அக்கா உங்கள் முதுகுப் பக்கமாக உட்கார்ந்து எடுப்பார். நீங்கள் அணைத்துக்கொண்டிருப்பதே அவளை அசையாமல் பிடித்தது போலாகிவிடும். முழங்கை அசையாமலிருக்க ஒருவர் லேசாகத் தாங்கினால் போதும். இதை வீட்டில் நாலைந்து முறை ஒத்திகை பாருங்கள். அவளுக்கு ஒரே ஒரு வேலை: அந்தக் கையைத் தூங்க வைப்பது. “அழலாம், கத்தலாம், கை மட்டும் தூங்கிட்டு இருக்கணும்.” அழாமல் இருந்தால்தான் பரிசு என்று ஒருபோதும் சொல்லாதீர்கள்.

‘எடுக்கலாமா வேண்டாமா’ என்று கேட்க முடியாது. அதற்கு ஒரே பதில்தான் வரும். எந்தக் கை, பார்ப்பாளா முகத்தைத் திருப்பிக்கொள்வாளா, யார் எண்ணுவது என்பதையெல்லாம் அவளே முடிவு செய்யட்டும். சில பிள்ளைகளுக்கு ஊசியைப் பார்த்தால்தான் தைரியம், அப்படியென்றால் பார்க்கட்டும். டியூபின் மூடி என்ன நிறமாக இருக்கும் என்று முன்கூட்டியே பந்தயம் கட்டலாம். ரத்த அணுக்கள் பார்க்க ஊதா, சர்க்கரைக்குச் சாம்பல், தைராய்டுக்குப் பெரும்பாலும் மஞ்சள் அல்லது சிவப்பு.

குத்தும் நேரத்தில் “ஒன்னும் இல்லடா, ஒன்னும் இல்லடா” என்று திரும்பத் திரும்பச் சொல்லத் தோன்றும். எல்லா அம்மாக்களும் சொல்வார்கள். ஆனால் குழந்தைகளின் வலியை ஆராய்ந்தவர்கள் பல முறை கண்டது, அது பிள்ளையின் கலக்கத்தைக் கூட்டவே செய்கிறது என்பதுதான். அம்மா இப்படிச் சொன்னால் ஏதோ நடக்கப்போகிறது என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பதில் சுடுபாலை ஆற்றுவது போல மெதுவாக, நீளமாக ஊதச் சொல்லி, நீங்களும் கூடவே ஊதுங்கள். சோப்புக் குமிழி விடுவதும் நல்ல உபாயம். போனில் வீடியோ காட்டுவதானால் ரப்பர் பட்டை கட்டும் முன்பே தொடங்கிவிடுங்கள். குத்திய பிறகு காட்டினால் கண் போகாது. உங்களுக்கே ரத்தத்தைப் பார்த்தால் படபடப்பு வரும் என்றால் அன்று அப்பாவோ சித்தியோ மடியில் வைத்துக்கொள்ளட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சில பிள்ளைகள், குறிப்பாகக் கொஞ்சம் வளர்ந்தவர்கள், மயங்கிச் சரிவார்கள். அவர்களுக்கு மட்டும் படுக்க வைத்து எடுக்க வேண்டும். ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ் யோரான் ஓஸ்ட் 1980களில் வகுத்த பயிற்சி ஒன்றும் அவர்களுக்கு உதவும்: கால், வயிற்றுத் தசைகளை 10, 15 விநாடி இறுக்கி, அரை நிமிடம் விட்டு, மறுபடி இறுக்குவது. ரத்த அழுத்தம் விழாமல் அது தாங்கும். உங்கள் மகளுக்கு மயக்கம் வந்ததாக எழுதவில்லை. அவளுக்கு ஊதும் பயிற்சியே போதும்.

லேபில் முன்கூட்டியே ஒரு வரம்பு பேசிக்கொள்ளுங்கள்: இரண்டு குத்துக்கு மேல் வேண்டாம். இரண்டாவதும் தவறினால் வேறு ஒருவர் எடுக்க வேண்டும், அல்லது வேறு நாள் வருகிறோம் என்று எழுந்துவிடுங்கள். உங்கள் மகளுடையது வழக்கமான பரிசோதனை. சில நாள் தள்ளிப்போனால் கெடுதல் ஒன்றுமில்லை. டாக்டருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். கடும் காய்ச்சலில் டெங்குவுக்காகத் தட்டணு (பிளேட்லெட்) பார்க்கும்போது தள்ளிப்போட முடியாது. அப்போதும் மடியில் வைத்து, உண்மையைச் சொல்லி எடுக்கலாம்.

இரண்டு மூன்று முறை இப்படி முயன்றும் லேப் என்றாலே வாந்தி, தூக்கம் கெடுவது, பள்ளிக்கே போக மறுப்பது என்று தொடர்ந்தால், குழந்தை மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மனாஸ் இலவச மனநல உதவி எண்ணிலும் தமிழில் பேசலாம்.

ரத்தம் எடுத்து முடித்த அன்று மாலை, பாட்டி போனில் “ஐயோ, என் செல்லத்தைக் குத்திட்டாங்களா!” என்று ஆரம்பிப்பார். குழந்தை விழுந்தால் தரையை அடிப்போமே, அதுபோல “அந்த லேப்காரியை அடிச்சுடலாம்” என்பார் தாத்தா. பாசம்தான். ஆனால் அன்று நடந்தது எப்படி நினைவில் தங்கும் என்பது அந்த மாலைப் பேச்சில் முடிவாகிறது. இப்படிப் பேசினால் நாள் போகப்போக வலி பெரிதாகி நினைவில் நிற்கும். எனவே அவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள், “என்னடா செஞ்ச அப்போ?” என்று கேட்கும்படி. அவள் ஊதியது, எண்ணியது, கையைத் தூங்க வைத்தது எல்லாம் அவள் வாயாலேயே வரட்டும். பிறகு அவளுடைய ரிப்போர்ட் ஃபைலில் ஒரு தாளை வைத்து, அடுத்த தடவைக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தத் தாளை லேப் அக்காவிடம் அவளே கொடுக்கட்டும்.